சிகிச்சை நாய்கள்: ஒரு வரலாறு

மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி போன்ற இடங்களில் இருப்போரைத் தன் உரிமையாளருடன் சென்று கண்டு, அவர்களுக்கு ஆறுதல் தரும் நாய் சிகிச்சை நாய் எனப்படுகிறது. பார்வையற்றோரின் வழிகாட்டி நாய் இதனின்று வேறுபட்டது. வழிகாட்டி நாய் ஒருவருக்காக மட்டும் உழைக்கும், அவருடனேயே வாழும். சிகிச்சை நாயோ பலரைக் கண்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இவ்வழக்கம் மருத்துவர்கள் திட்டமிட்டுத் தொடங்கியதன்று. நோயுற்றவரை எவ்வாறு நடத்த வேண்டும் என்ற கேள்வியிலிருந்து சிறிது சிறிதாக வளர்ந்தது.

யார்க் நகரப் புகலிடம்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பது வழக்கமாக இருந்தது. 1790இல் யார்க் நகர மனநலக் காப்பகத்தில் ஹன்னா மில்ஸ் என்னும் பெண் இறந்தார். அவரைக் காண வந்தவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அவர் சார்ந்த குவேக்கர் சமயத்தினர் இதனால் மனம் வருந்தினர். அவர்களுள் ஒருவரான தேயிலை வணிகர் வில்லியம் டியூக்கின் முயற்சியால் 1796இல் 'ரிட்ரீட்' என்ற புகலிடம் திறக்கப்பட்டது. அங்கே முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் வளர்க்கப்பட்டன என்று அவருடைய பேரன் சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். நோயாளிக்குள் அன்பு இன்னும் இருக்கிறது, அதற்கு ஓர் உயிர் தேவை என்ற எண்ணமே இதன் அடிப்படை.

நவீன செவிலியர் பணிக்கு வித்திட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேலும், நெடுநாள் படுக்கையில் இருப்போருக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை எனத் தம் செவிலியர் குறிப்பு நூலில் எழுதினார்.

போர்க்களத்து ஸ்மோக்கி

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், நியூ கினியா காட்டில் ஒரு பதுங்கு குழியில் யார்க்ஷயர் டெரியர் இனப் பெண் நாய் ஒன்று கிடைத்தது. அதன் எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. அதை விலைக்கு வாங்கிய அமெரிக்கப் படைவீரர் வில்லியம் வின், ஸ்மோக்கி எனப் பெயரிட்டு வளர்த்தார். அவர் டெங்குக் காய்ச்சலால் படை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது நண்பர்கள் ஸ்மோக்கியை அங்கே கொண்டு வந்தனர். அதைக் கண்ட செவிலியர், காயமுற்ற மற்ற வீரர்களிடமும் கூட்டிச் சென்றனர். ஸ்மோக்கியைச் சிகிச்சை நாய்களின் முன்னோடி எனப் பலர் கருதுவது இதனால்தான்.

லெவின்சனும் ஜிங்கிள்ஸும்

நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சனிடம் ஜிங்கிள்ஸ் என்ற நாய் இருந்தது. ஒருநாள், எவரிடமும் ஒட்டாமல் ஒதுங்கியிருந்த சிறுவன் ஒருவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டனர். மேசையருகே கிடந்த ஜிங்கிள்ஸ் எழுந்துபோய் அவனை நக்கியது. சிறுவன் அஞ்சவில்லை, நாயை அணைத்துக்கொண்டான். அடுத்தடுத்த நாட்களில் அவன் நாயுடன் விளையாடினான். பிறகு லெவின்சனையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டான். 1961இல் லெவின்சன் இதை அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் எடுத்துரைத்தபோது சிலர் கேலி செய்தனர். அவர் தளரவில்லை. 1962இல் நாயை 'இணைச் சிகிச்சையாளர்' என்று குறிப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டார். 1970களில் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் கார்சன், எலிசபெத் கார்சன் தம்பதியர் மனநல மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் இத்துறை ஆய்வைத் தொடர்ந்தனர்.

அமைப்புகளும் விதிகளும்

செவிலியர் எலைன் சுமித் 1976இல் அமெரிக்காவில் சிகிச்சை நாய்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். பிரிட்டனில் 1983இல் 'பெட்ஸ் ஆஸ் தெரபி' தோன்றியது. தன்னார்வலர்களின் வீட்டு நாய்களே இவற்றில் பணிபுரிகின்றன. திடீர் ஓசை, சக்கர நாற்காலி, முரட்டுத்தனமான தடவல் ஆகியவற்றை நாய் பொறுத்துக்கொள்கிறதா என்று சோதிப்பர். தடுப்பூசியும் தூய்மையும் கட்டாயம். நாய்க்கு அஞ்சுவோரிடமும் ஒவ்வாமை உள்ளோரிடமும் அதை அழைத்துச் செல்வதில்லை. நாய் களைத்துவிட்டால் அன்றைய பணி முடிந்தது.

1999இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில், குழந்தைகள் நாய்க்கு உரக்கப் படித்துக் காட்டும் திட்டம் தொடங்கியது. திக்கித் திக்கிப் படிக்கும் மாணவன் பாடத்தை விடச் சக மாணவர்களின் சிரிப்புக்கே அஞ்சுவான் என்பதை ஆசிரியர்கள் அறிவர். நாய் சிரிப்பதில்லை, திருத்துவதில்லை. பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். பயம் நீங்கிய பிறகு கற்பிப்பது ஆசிரியரின் பொறுப்பு.

ஆசியாவில் ஜில் ராபின்சன் 1991இல் ஹாங்காங்கில் 'டாக்டர் டாக்' திட்டத்தைத் தொடங்கினார். சென்னையில் இந்திய புளூ கிராஸ் இத்திட்டத்தை நடத்தியது.

நாய் நோயைக் குணப்படுத்துவதில்லை. மருந்துக்கும் மருத்துவருக்கும் அது மாற்றாகாது. எப்போதும் பிறரிடம் உதவி பெறும் நிலையிலேயே இருக்கும் முதியவரோ நோயாளியோ, நாயின் தலையைத் தடவும் சிறிது நேரமாவது அன்பு கொடுப்பவராகிறார். யார்க் நகரில் முயல்களை வளர்க்கச் செய்தவர்கள் எதிர்பார்த்ததும் அதுவே.