ஓய்விலிருந்து பயிற்சிக்கு: முதுகெலும்பு அறுவை சிகிச்சையின் ஒரு கிளை வரலாறு

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்குப் பல நேரங்களில் காரணம், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே என்பதை 1934இல் பாஸ்டன் மருத்துவர்கள் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் எடுத்துக்காட்டினர். அதன்பின் டிஸ்க் அறுவை பரவியது. அறுவை முறை புதிது, பராமரிப்போ பழையது. நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர்.

இந்தப் பழக்கத்திற்கு நீண்ட மரபு உண்டு. ஓய்வே குணமாக்கும் ஆற்றல் என்று வாதிட்ட ஜான் ஹில்டனின் விரிவுரைகள் லண்டனில் 1863இல் நூலாயின. காசநோய் முதுகெலும்பை அரித்துக்கொண்டிருந்த, அதற்கு மருந்தே இல்லாத காலத்தில் அது அறிவுக்கு ஒத்த முடிவுதான். எல்லா முதுகுகளுக்கும் அதையே விதியாக்கியது பிற்காலத்தவரின் பிழை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அறுவைக்குப் பின் விரைவில் எழுந்து நடப்பது பரவலான வழக்கமாகத் தொடங்கியது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் படுக்கையின் தீங்குகளைப் பட்டியலிட்டு எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு, உடல்தகுதி குறைந்தோரைப் படைப்பணிக்கு முன்பே தேற்றும் பிரித்தானிய இராணுவத் திட்டம் பற்றிய கட்டுரையொன்றில் 'ப்ரீஹேபிலிட்டேஷன்' என்ற சொல் இடம்பெற்றது. 'ரீ' என்ற முன்னொட்டை எடுத்துவிட்டு 'ப்ரீ' சேர்த்தால் ஆங்கிலத்தில் வேலை முடிந்தது. தமிழில் 'மறுவாழ்வு' என்பதை 'முன்வாழ்வு' ஆக்கினால் முற்பிறவி நினைவுக்கு வந்துவிடும்! 'முன்வலுவூட்டல்' எனலாம்.

முன்கூட்டியே சேர்த்த வலு உண்மையில் என்ன செய்கிறது? 1966இல் டல்லஸ் நகரில் நலமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் கிடத்தப்பட்டனர். அவர்களது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் சராசரியாகக் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. முதுகெலும்பு ஆய்வாளர்கள் கூர்ந்து படிக்கவேண்டிய பகுதி வேறு. ஐவரில் இருவர் ஏற்கெனவே பயிற்சிப் பழக்கம் உடையவர்கள். தம் பழைய அளவை எட்ட அவர்களுக்கே அதிக நாட்கள் பிடித்தன. ஆயினும் படுக்கையிலிருந்து எழுந்த நாளில்கூட அவர்களின் திறன் மற்ற மூவரின் தொடக்க அளவுக்குக் கீழே இறங்கவில்லை. பழக்கம் இழப்பைத் தடுக்கவில்லை. இழந்தபின் எஞ்சுவதைக் கூட்டியது. மீட்சியை நாட்களால் மட்டும் அளப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

முதுகெலும்பு அறுவையிலேயே இதைச் சோதித்த டென்மார்க் ஆய்வு 2010இல் வெளியானது. 60 நோயாளிகளில் ஒரு பிரிவினர் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பயிற்சி செய்தனர். இடைநிலை அளவில் அவர்கள் 5 நாட்களில் வீடு திரும்பினர். மற்றவர்கள் 7 நாட்களில். வலியிலோ சிக்கல்களிலோ வேறுபாடு இல்லை. அறுவைக்குப் பிந்தைய கவனிப்பும் அப்பிரிவினருக்கு மாற்றப்பட்டிருந்ததால், அந்த இரண்டு நாட்களைப் பயிற்சியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது.

வெறும் அவதானிப்பு ஆய்வுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. வலி குறைந்தவரே அதிகம் நடக்கிறார். நடந்ததால் தேறினாரா, தேறும் நிலையில் இருந்ததால் நடந்தாரா என்று பிரிப்பது அரிது. அதைப் பிரிக்காமல் 'பயிற்சி செய்திருக்கலாமே' என்று நோயாளியைக் குறைகூறுவது, நாள் முழுதும் மூட்டை சுமந்து முதுகு தேய்ந்த தொழிலாளிக்குச் செய்யும் அநீதி.

2018இல் வெளியான சுவீடன் ஆய்வு 197 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவைக்கு முன் 9 வாரம் இயன்முறைப் பயிற்சி அளித்தது. அறுவைக்கு முன்பே அவர்களுக்கு வலி குறைந்தது. அசைந்தால் கேடு வரும் என்ற அச்சமும் தணிந்தது. அறுவைக்குப் பின் இந்த வேறுபாடுகள் மறைந்தன. ஓராண்டு கழித்தும் எஞ்சியது ஒன்றே: பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகம் இயங்கிக்கொண்டிருந்தார்கள்.