முதுமறதியை முதலில் அறிவோர்: மஹய்யாவயை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கண்டி நகரின் வடபால், கட்டுகஸ்தோட்டை வீதியை அண்டியுள்ள மஹய்யாவ, பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மாநகரசபைத் துப்புரவுப் பணியில் அமர்த்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழும் இடமாகும். இத்தகைய மக்களின் வரலாறு ஏடுகளிலும் பார்க்க முதியோர் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் ஆகியோரின் பிறப்புக்குச் சான்று கேட்டபோது, அதனைக் கடதாசியில் காட்ட இயலாத இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பல. நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது. ஆகவே இங்கு ஒரு தந்தையின் நினைவு தளர்வது, அக்குடும்பத்தின் சுவடிக்கூடமே சிதைவதை ஒக்கும்.

அத்தளர்ச்சியை முதலில் காண்பவர் யார்? மருத்துவ வரலாறு தரும் விடை கவனத்திற்குரியது. 1901 நவம்பரில் ஜேர்மனியின் பிராங்போட் நகரில் அலோயிஸ் அல்ஸைமர் பரிசோதித்த ஒகுஸ்ற டேற்றர் என்னும் பெண்ணுக்கு வயது 51. அவரிடம் மாற்றத்தை முதலில் கண்டவர் மருத்துவரல்லர், கணவரே. காரணமற்ற சந்தேகம், சமையலிற் பிழை, பொருள்களை ஒளித்து வைத்தல் என்பனவே அவர் கண்டவை. 1906இல் அப்பெண் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அல்ஸைமர், அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதி ரியூபிங்கனில் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். 1910இல் கிறெப்பலின் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரையே சூட்டினார்.

ஈழத்துப் பேச்சுவழக்கில் இதனை "அறளை பெயர்தல்" என்பர். அச்சொல் முற்றிய நிலையையே சுட்டும், தொடக்கத்தைச் சுட்டாது. தொடக்கத்தில் அழிவது அண்மை நினைவு. பழைய நினைவு நெடுங்காலம் நிலைக்கும். அரை நூற்றாண்டுக்கு முந்திய கதையைப் பிசகின்றிச் சொல்லும் தந்தை, காலையில் உண்டதை மறந்திருப்பார். கதையைக் கேட்ட பிள்ளைகளோ "அப்பாவுக்கு நல்ல ஞாபகம்" என்று மகிழ்ந்திருப்பர்! வாய்மொழி வரலாறு சேகரிப்போரும் இவ்விடத்தில் ஏமாறக்கூடும்.

1975இல் அமெரிக்காவில் உருவாகிப் பரவிய முப்பது புள்ளிச் சோதனை, ஆண்டையும் திகதியையும் கேட்கும்; ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பள்ளி செல்லாதவர் இதில் தோற்பது நோயினாலன்று. பிறந்த ஆண்டே பிறர் மதிப்பிட்டு எழுதியதாயின், அதனைக் கேட்டு என்ன பயன்? இக்குறையை நீக்க 1998இல் "10/66" ஆய்வுக்குழு தோன்றியது. நோயாளரில் மூன்றிலிரு பங்கினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வில் பத்திலொரு பங்கும் அவர்களைச் சாரவில்லை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையிலும் வேலூரிலும் நிகழ்ந்த அதன் ஆய்வுகளில் முதியவரோடு வீட்டாரும் வினாவப்பட்டனர். டேற்றரின் கணவருக்குரிய இடம் மீண்டும் கிடைத்தது எனலாம்.

வீட்டார் ஒப்பிடவேண்டியது முதியவரை அவருடைய பழைய ஆற்றலோடேயாம். வாழ்நாளெல்லாம் நகரின் தெருக்களைக் கூட்டியவர் பழகிய சந்தியில் வழி தெரியாது நிற்பின், சில்லறைக் கணக்கில் ஒருபோதும் தவறாத தாய் கடையில் தடுமாறின், அது திகதி மறப்பதிலும் பாரதூரமானது. தைரொயிட் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியனவும் இவ்வாறே தோன்றும்; அவை சிகிச்சைக்கு இணங்குவன. வயதுதானே என்று விட்டுவிடும் வீட்டில், மருந்தால் தீரக்கூடிய மறதியும் தீராமற் போகிறது.