பெயர் எழுதாத இசைத்தட்டு

ஹப்சிகுடா என்னும் நம் குடியிருப்பின் பெயரே கடல் கடந்து வந்ததாகும். ஹப்சி என்பது ஆப்பிரிக்க மக்களைக் குறித்த சொல். உப்பல் சாலையின் ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் பணியேற்று அங்கே தங்கிய தமிழ்க் குடும்பங்களுள் நம் குடும்பமும் ஒன்று. 1985 சனவரியில், தியாகராசர் ஆராதனை நாளன்று, கூடத்தில் வானொலி திருவையாற்றுப் பஞ்சரத்தினத்தை ஒலித்துக்கொண்டிருந்தது. அவ்வேளையில் உள்ளறையில் நம் மகன் வேறோர் இசையை முழங்கவிட்டான். எழுந்து சென்று பார்த்தோம். நண்பனிடம் இரவல் பெற்ற இசைத்தட்டு. உறையின் முகப்பில் பெயரில்லை, எழுத்தே இல்லை, வாய் பிளந்து அலறும் சிவந்த முகம் ஒன்றே இருந்தது. "இதுவும் பாட்டா? நிறுத்தடா!" என்றோம். நிறுத்தினான். அதன்பின் நெடுநாள் அவன் நம்முடன் அமர்ந்து எந்தப் பாட்டையும் கேட்கவில்லை.

அத்தட்டின் வரலாற்றைப் பின்னரே அறிந்தோம். 'கிங் கிரிம்சன்' என்னும் ஆங்கிலக் குழுவினர் 1969 அக்டோபர் 10 அன்று வெளியிட்ட முதல் தொகுப்பு அது. 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்', அதாவது செந்நிற அரசனின் அவையில், என்பது அதன் பெயர். ஐந்தே பாடல்கள்; ஏறத்தாழ 44 நிமிடம். உறை ஓவியத்தைத் தீட்டிய பாரி காட்பர், தட்டு வெளிவந்த நான்கு திங்களில், 1970 பிப்ரவரியில், 24 வயதிலேயே மறைந்தார். நாம் முகஞ்சுளித்துத் திருப்பி வைத்த படம் ஓர் இளைஞன் விட்டுச் சென்றது என்பதை அன்று அறிந்திலோம்.

ஆங்கில இளைஞரை அதன்பால் ஈர்த்தது யாது? 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடமே இடங்கொடுக்கும். பாட்டும் அந்த அளவுக்குச் சுருங்கியது. நம் வித்துவான்களும் ஆலாபனையைக் கத்தரித்தே அந்நாளில் தட்டுக்குப் பாடினர். 1948இல் நெடுந்தட்டு வந்து, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்தது. எனினும் மெல்லிசையாளர் பழைய வேலியைத் தாண்டப் பல்லாண்டு தயங்கினர். 1960களின் பிற்பகுதியில்தான் சிலர் துணிந்தனர். பாட்டு ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம் என விரிந்தது. இடையில் சாக்சபோனும் கிதாரும் குழலும் தத்தம் போக்கில் உலவின. ராகம் தானம் பல்லவிக்குப் பொறுமையுடன் அமரும் செவிக்கு இது அந்நியமாகலாமோ? நாமோ அன்று வாசற்படியிலேயே நின்றுவிட்டோம்.

அத்தட்டில் பேரிசைக்குழுவின் வயலின் கூட்டம்போல் ஒன்று எழுந்து அறையை நிறைக்கும். ஆனால் அங்கே பேரிசைக்குழு எதுவும் இல்லை. மெல்லட்ரான் என்னும் கருவியின் வேலை அது. பார்வைக்கு ஆர்மோனியத்தின் அண்ணன் எனலாம். ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு நாடாத் துண்டு. என்றோ எவரோ வாசித்த வயலின் சுரம் அதில் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு நொடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்து மீண்டும் அழுத்த வேண்டும். ஆகவேதான் அதன் ஒலியில் ஓர் இழுப்பும் நடுக்கமும். ஊரிலிருந்து தாயின் குரலை நாடாவில் பதிவித்து வரவழைத்துக் கேட்டவர்கள் நம்முள் பலர் உண்டு. அவர்களுக்கு அந்த நடுக்கம் புரியும்.

அயலிசை நம் இல்லம் புகுந்தது நேற்று நடந்த செயலன்று. சென்னைக் கோட்டைப் பாண்டு வாத்தியத்தின் மெட்டுகளைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். நொட்டுசுரம் என வழங்கும் அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டே. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதனைக் கருநாடக இசைக்கு ஆக்கித் தந்தார். ஆராதனை நாளன்று வானொலியில் பஞ்சரத்தினத்துக்குத் துணை நின்ற வயலின்களும் ஒருகாலத்தில் அயலார் வீட்டுப் பொருளே! இதனை நன்கறிந்திருந்தும் மகனை அதட்டினோம்.

1987இல் ஒருநாள் மாலை, அவன் கேளாமலே கூடத்து ஒலிப்பெட்டியில் ஒரு நாடாவை இட்டான். வயலின் ஒன்று எழுந்தது. ஐரோப்பியக் கோவில்களின் கட்டுக்கோப்பு. ஆயினும் சுரத்தை வளைக்கும் கமகம் நம்முடையது. "யாருடையது?" என்றோம். "நம்ம இளையராஜாதான், அப்பா" என்றான்.

முந்தின ஆண்டு வெளிவந்த 'ஹௌ டு நேம் இட்?' அது, இதற்கு எப்படிப் பெயரிடுவது என்பது பொருள். முன்னையது உறையில் பெயர் எழுதாதது. இதுவோ பெயரையே வினாவாக்கியது. தியாகராசருக்கும் செருமானியரான பாக்குக்கும் அது காணிக்கை. பாக் மறைந்தது 1750. தியாகராசர் பிறந்தது 1767. உயிருடன் சந்திக்க இயலாத இருவரையும் பண்ணைபுரத்துக்காரர் ஒருவர் தம் வீட்டில் அமர்த்தினார். ஒரு பகுதியில் பாக் தனி வயலினுக்கு எழுதிய முன்னிசை ஒலிக்க, வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதனோடு நம் வழியில் உரையாடுகிறது. இளையராசா ஆங்கிலக் குழுவினரைப் பின்பற்றினார் என்று நாம் கூறவில்லை. அவர் கற்றது தன்ராஜ் மாஸ்டரிடம். ஆயினும் மூத்தோர் இசையை உதறாமலே பாட்டின் வேலியைப் பிடுங்கிய துணிவு இரண்டிலும் ஒன்றே. பாலு மகேந்திரா 1988இல் 'வீடு' படத்துக்கு இவ்விசையையே பின்னணியாக்கினார். சொந்த வீடு கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பத்தின் கதை அது. வாடகை வீட்டில் அமர்ந்து பார்த்த நமக்குக் கண் கலங்கியது.

அன்று மாலை நாடா முடிந்ததும், "அந்தச் சிவப்பு முகத்தட்டு எங்கே?" என்று கேட்டோம். அதனை என்றோ திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒரு வாரம் கழித்து நாடாவில் படியெடுத்து வந்தான். முதற்பாட்டின் முழக்கம் இன்றும் நமக்கு ஒவ்வாதது. மூன்றாம் பாட்டில் மெல்லட்ரான் எழுந்தபோது பேச்சற்று இருந்தோம். நான்காம் பாட்டின் பிற்பகுதி நோக்கமின்றி நெடிது அலைகிறது. அங்கே நமக்கு உறக்கம் வந்துவிட்டது. அவன் எழுப்பவுமில்லை, பாட்டை நிறுத்தவுமில்லை.