இசைக்குத் திறந்த கதவு

பிரித்தானிய ரொக் இசையின் கதையைச் சொல்பவர்கள் 1962ஆம் ஆண்டைத் தவறாது குறிப்பிடுவார்கள். அவ்வாண்டு மார்ச் 17ஆம் திகதி, மேற்கு இலண்டனில் ஈலிங் புறோட்வே புகையிரத நிலையத்துக்கு எதிரே, ஒரு தேநீர்க்கடையின் கீழிருந்த நிலவறையில் அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும் புளூஸ் இரவுகளைத் தொடங்கினார்கள். அதே 1962இல்தான் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டமும் வந்தது. கரிபியன் தீவுகள், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் மக்களுக்கு அதுவரை திறந்திருந்த கதவை யூலை 1ஆம் திகதி முதல் அச்சட்டம் பாதி மூடியது. இவ்விரண்டையும் இசை வரலாறு ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை. நான் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

கோர்னர் 1928இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை ஒஸ்திரிய யூதர், தாய் கிரேக்கர். 1940இல், போருக்கிடையில், சிறுவனாக இலண்டன் வந்து சேர்ந்தவர். பிரித்தானிய புளூஸின் தந்தை என்று சொல்லப்படுபவரே வந்தேறிதான் என்பது எமக்குக் கவனத்துக்குரிய செய்தி. வியர்வை சொட்டும் அவரது நிலவறையில் மிக் ஜாகர், போல் ஜோன்ஸ், லோங் ஜோன் போல்ட்றி, நியூகாசிலிலிருந்து வந்த எரிக் பேர்டன் ஆகியோர் பாடினார்கள். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற இவர்கள் அப்போது இருபதுகளின் வாசலில் நின்ற இளைஞர்கள். சிக்காகோவில் அச்சான இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து, தேயும்வரை கேட்டவர்கள். ஜாகர் குழுவினர் 1962 யூலை 12ஆம் திகதி, அதாவது சட்டம் நடைமுறைக்கு வந்த பதினோராம் நாள், றோலிங் ஸ்ரோன்ஸ் என்ற பெயரில் முதன்முறையாக மேடையேறினார்கள். அப்பெயரே மடி வோட்டர்ஸின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்ததுதான்.

இவர்களது காதல் போலியானதல்ல. வில்லி டிக்ஸன் எழுதி ஹவ்லின் வூல்ஃப் பாடிய ‘லிட்டில் ரெட் றூஸ்ரர்’ பாடலை ஸ்ரோன்ஸ் பாட, 1964 டிசம்பரில் அது பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அழைத்தபோது, ஹவ்லின் வூல்ஃபும் அந்நிகழ்ச்சியில் பாடவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். அவர் பாடினார், இவர்கள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டார்கள்.

ஆனால் எல்லாக் கடன்களும் இப்படித் தீர்க்கப்படவில்லை. 1969இல் லெட் செப்பலின் வெளியிட்ட ‘ஹோல் லொட்டா லவ்’ பாடலில் டிக்ஸனின் வரிகள் இருந்தன. அவரது பெயர் இருக்கவில்லை. 1985இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987இல் அது சமரசத்தில் முடிந்தது. பின்னர் அவரது பெயரும் சேர்க்கப்பட்டது. பெயருக்காக அவர் காத்திருந்த காலம் பதினெட்டு ஆண்டுகள்.

பெயரை மறைத்ததைவிடவும் என்னை உறுத்துவது இன்னொன்று. 1963இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தபோது, மிசிசிப்பியில் பிறந்த சொனி போய் வில்லியம்சனுக்குப் பக்கவாத்தியமாகக் கிற்றார் வாசித்தவர் எரிக் கிளப்ரன். 1974இல் பொப் மார்லியின் ‘ஐ ஷொட் த ஷெரிஃப்’ பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றவரும் அவரே. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1976 ஓகஸ்ட் 5ஆம் திகதி, பேர்மிங்ஹாம் மேடையில் நின்று, வெளிநாட்டவர்கள் வெளியேற வேண்டும், இனொக் பவலை ஆதரியுங்கள் என்று பேசினார். 1968இல் பவல் தனது இனவாத உரையை ஆற்றியதும் அதே நகரில்தான். வெகுகாலம் கழித்து, 2018இல், அப்பேச்சுக்காகத் தான் வெட்கப்படுவதாகக் கிளப்ரன் சொன்னார்.

இதை ஒரு தனிமனிதனின் குடிவெறி என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. அந்த இரவு ஒன்றைத் தெளிவாக்கியது: ஒரு மக்களின் கலையை நேசிப்பதும் அம்மக்களை அயலவராக ஏற்பதும் ஒன்றல்ல. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாகப் பிறப்பதுமில்லை. இசைத்தட்டுக்கு வாடகை அறை தேவையில்லை. அது வேலை கேட்பதில்லை. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வரிசையில் நிற்பதுமில்லை. மனிதர்கள் இவை எல்லாவற்றையும் கேட்பார்கள்.

எனினும் கதை அங்கே முடியவில்லை. கிளப்ரனின் பேச்சைக் கண்டித்து இசைப் பத்திரிகைகளுக்கு எழுதப்பட்ட கடிதமே ‘இனவாதத்துக்கு எதிரான ரொக்’ என்ற இயக்கத்தின் தொடக்கம். 1978 ஏப்ரல் 30ஆம் திகதி, தேசிய முன்னணிக்கு எதிராகப் பல்லாயிரக்கணக்கானோர் திரபல்கர் சதுக்கத்திலிருந்து விக்ரோறியா பூங்காவரை ஊர்வலமாகச் சென்றார்கள். அங்கே வெள்ளை இளைஞர்களின் பங்க் இசையும் கறுப்பு இளைஞர்களின் றெகே இசையும் ஒரே மேடையில் ஒலித்தன. நிலவறையின் இரசனையால் செய்ய முடியாததைத் தெருவின் அரசியல் செய்யத் தொடங்கியது.

எமது தோசையையும் பரதத்தையும் பன்முகக் கலாசார விழாக்களில் கைதட்டி வரவேற்கும் நாடுகளில் நாம் வாழ்கிறோம். அக்கைதட்டலைக் கண்டு, இவர்கள் எம்மை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நம்மில் பலர் மகிழ்கிறார்கள். கைதட்டுபவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவனை நாடுகடத்தும் நாளில் அந்தக் கைகளில் எத்தனை அவனுக்காக உயரும்? அவற்றை உயரவைக்கும் வேலையை எமது விழாக்கள் செய்கின்றனவா? விவாதிப்போம்.