ஊர்க்கணக்கு எழுதத் தகுந்தவர்

எந்தப் புலம் யாருடையது, அதன் பரப்பு எவ்வளவு, இந்த ஆண்டு என்ன பயிர், தண்ணீர் எங்கிருந்து வந்தது, தீர்வை எவ்வளவு என்ற விவரங்களை வைத்துத்தான் கிராமத்தில் நிலவரி வசூலாகிறது. இவற்றை ஏட்டில் ஏற்றுபவர் ஊர்க்கணக்கர். வரி விகிதத்தை அரசு முடிவு செய்தாலும், ஒரு குடியானவர் தலையில் எவ்வளவு விழும் என்பது ஊர்க்கணக்கர் எழுதும் கணக்கைப் பொறுத்தது. அந்த வேலைக்கு யார் தகுந்தவர் என்பதற்குத் தமிழ்நாட்டில் காலத்துக்குக் காலம் வேறு வேறு விதி இருந்திருக்கிறது.

இது பற்றிய பழைய விரிவான சான்று உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள், அந்தப் பிராமண ஊரின் சபை, வாரியங்கள் எனப்பட்ட தன் குழுக்களுக்கு, பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஆள் எடுத்த விதத்தைச் சொல்கின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு நிற்க முடியாது.

கணக்கருக்குத் தனி விதியும் உண்டு. நேர்மையாகப் பொருள் ஈட்டியவரே கணக்கு எழுதலாம். எழுதிய கணக்கைப் பெருமக்களிடம் தாமே ஒப்படைத்து, குற்றமற்றவர் என்று தேறிய பிறகே மறுபடி அந்த வேலைக்கு வரலாம். அவர் கணக்கை வேறொருவர் முடித்துக் கொடுக்கக் கூடாது. வாரியத்தில் இடம்பெறச் சொத்தும் கல்வியும் தேவைப்பட்டன; கணக்கருக்கு ஒப்படைத்த கணக்கே தகுதியாயிற்று.

பிற்காலத்தில் இந்தப் பதவி குடும்பச் சொத்தாக இறுகியது. கணக்கப்பிள்ளை, கர்ணம் என்று அழைக்கப்பட்டவருக்கு மானிய நிலமும், களத்து மேட்டில் அளந்து தரும் மேரையும் ஊதியம். தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1820-களில் சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை பரவியது. ஒவ்வொரு குடியானவருடனும் அரசு நேரடியாக வரிக்கணக்கு வைத்துக்கொண்டதால், கர்ணம் எழுதும் அடங்கல், சிட்டா ஆகிய நிலக்கணக்குகள் இல்லாமல் ஆண்டு வரித் தணிக்கையான ஜமாபந்தி நடக்காது என்றாயிற்று. வரித் தவணையான கிஸ்தியைத் தண்டுவது மணியக்காரர் எனப்பட்ட கிராம முன்சீபின் வேலை. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதித் தருவது கர்ணத்தின் வேலை.

பரம்பரைப் பதவிக்கு அரசு தகுதி விதிக்க முயன்றதன் விளைவு, 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம். பதவிக்கு வருபவர் ஆணாக இருக்க வேண்டும், மேஜர் ஆகியிருக்க வேண்டும், உடலாலும் மனத்தாலும் வேலைக்கு ஏற்றவராக இருக்க வேண்டும், வருவாய் வாரியம் வகுத்த கல்வித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று அது கேட்டது. குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரையும் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவரையும் கலெக்டர் விலக்கலாம். ஆனால் இந்தத் தகுதிகள் வாரிசு வரிசைக்கு உட்பட்டவை. ஜமீன் போல மூத்த மகன் வழியே பதவி இறங்கியது. வாரிசு சிறுவனாக இருந்தால் அவன் பெயரைப் பதிந்துவிட்டு, அவன் மேஜராகி மூன்று ஆண்டுக்குள் தேறும்வரை வேறொருவர் வேலை பார்த்தார். ஊரில் எவ்வளவு படித்தவர் இருந்தாலும், அந்தக் குடும்பத்தில் பிறக்காதவருக்குத் தேர்வு எழுதிப் பயனில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 16(2)-ஆம் பிரிவு, அரசு வேலையில் பிறப்புவழியைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுத்தது. இதே 1895-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில், ஓர் ஊரைப் பிரித்து உண்டாக்கிய புதிய ஊருக்கு யார் முன்சீப் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பழைய பதவிக் குடும்பங்களிலிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்ற அச்சட்டத்தின் பிரிவு செல்லாது என்று 1960 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் 1968-இல் பரம்பரை முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1970-இல் புதிய பணி விதிகள் வந்தன. வேலை மட்டும் பகுதிநேர வேலையாகவே நீடித்தது.

முழுநேரமும் வேலை செய்யக்கூடிய, இடமாற்றத்துக்கு உட்பட்ட அலுவலர் வேண்டும் என்று நிர்வாகச் சீர்திருத்தக் குழு 1973-இல் பரிந்துரைத்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து சுமார் 23,000 பகுதிநேரப் பதவிகளை நீக்கியது. அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் பதவி உண்டானது. பதவி இழந்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். உச்ச நீதிமன்றம் 1982-இல் சட்டத்தை உறுதி செய்தது.

புதிய பதவிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அடிப்படைத் தகுதி. தேர்வு நடத்துவது அரசுப் பணியாளர் தேர்வாணையம். பெண்களும் எழுதலாம். கர்ணம் தந்தையிடம் கற்ற நில அளவையையும் கிராமக் கணக்கையும் இவர்கள் பயிற்சியில் கற்கிறார்கள். ஊர் நிலம் அத்துபடியாக இருப்பவர் என்பது கர்ணத்தின் பலம். அதே ஊரில் சொந்தபந்தமும் பகையும் உள்ளவர் என்பது பலவீனம். இடமாற்றம் இரண்டாவதைக் குறைத்தது. முதலாவதை ஓரளவேனும் காக்க, அலுவலர் பணிபுரியும் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று விதி வைக்கப்பட்டது. 2018 முதல் இப்பதவிக்கான தேர்வு குரூப் 4 தேர்வோடு இணைந்து நடக்கிறது.