ஜேட் செடியில் புள்ளிகள்

தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஜேட் செடியின் தடித்த இலைகளில் புள்ளி கண்டவுடன் மருந்து தெளிக்காதீர்கள். முதலில் விரலால் தடவிப் பாருங்கள்.

வெள்ளைப் புள்ளி துடைத்தால் போய்விடுகிறதா? இலையின் நுண்துளைகள் வழியே கசிந்த நீர் உலர்ந்து விட்டுச்சென்ற உப்பு அது; நோயல்ல. பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு வந்தால் மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

பழுப்பாகத் தடித்துச் சொரசொரப்பாக இருந்தால், வேர் உறிஞ்சிய அளவுக்கு இலையால் நீரை வெளியேற்ற முடியாமல் செல்கள் வெடித்திருக்கும். வெயில் குறைந்த குளிர்காலத்தில் இது சகஜம். தண்ணீரைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பழைய தழும்பு மறையாது. புது இலைகள் சுத்தமாக வரும்.

கறுத்து, ஈரமாக அமுங்கினால் பெரும்பாலும் அழுகல்தான். அந்த இலையை நீக்கி, மண்ணை உலர விடுங்கள். தண்டும் மெத்தென்று இருந்தால் காத்திருக்க வேண்டாம். நல்ல கிளையொன்றை வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின் புது மண்ணில் ஊன்றுங்கள், செடி பிழைத்துவிடும்.