பனியில் எதில் போவது?

போன வாரம் இங்கே டொராண்டோவில் பனி கொட்டித் தீர்த்துவிட்டது. சின்னவளுக்கு ஜுரம் 103ஐத் தொட்ட ராத்திரி பார்த்து, கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் இருந்தது. ஒரு மணி நேரம் பனியை வாரிக் கொட்டிக் காரை வெளியே எடுப்பதற்குள் மருந்து கேட்டு ஜுரம் இறங்கிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பெரியவன் ஒரு பட்டியல் போட்டான். கார் இல்லாமல் பனியில் எதிலெல்லாம் போகலாம்? நாய் வண்டி, சறுக்குக்கட்டை மாட்டிய சைக்கிள், பின்னால் விமான விசிறி வைத்த வண்டி... கடைசியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஒருத்தர் அதை நிஜமாகவே செய்திருக்கிறார்.

கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற பையன், 1922இல், 15 வயதில், பழைய ஃபோர்டு எஞ்சினைப் பனிச்சறுக்கு வண்டியில் பூட்டி, பின்னால் விசிறி வைத்து ஓட்டிக் காட்டினான். அவன் அப்பா பதறிப்போய், உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். (எந்த அப்பாவும் அதைத்தான் சொல்வார்.)

அந்தக் காலத்தில் கியூபெக் கிராமங்களில் சாலைப் பனியை யாரும் அள்ளுவதில்லை. குளிர்காலம் முழுக்கக் கார் கொட்டகையில் தூங்கும், குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிதான் கதி. பேங்க்காரன் கண்ணுக்கு இது சும்மா நிற்கிற சொத்து, தேய்மானம் மட்டும் ஓடுகிறது. பொம்பார்டியே வளர்ந்து மெக்கானிக் ஷாப் வைத்து, இதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார்.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. ஆஸ்பத்திரி ஷெர்புரூக்கில், சுமார் 50 கிலோமீட்டர். சாலை பனியில் மூடிக்கிடந்தது. ஷாப்பில் ஓடுகிற நிலையில் பனிவண்டி ஒன்றும் இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

அடுத்த வருஷமே ரப்பர் போர்த்திய பல்சக்கரமும் அதில் சுற்றும் பட்டையும் அவருக்குக் கைகூடின. சாதாரண டயர் பனியில் புதையும். அகலப் பட்டை பாரத்தைப் பரப்பிவிடுவதால் மேலேயே ஓடும். முன்னால் திருப்புவதற்குச் சறுக்குக்கட்டைகள். 1937இல் காப்புரிமை. ஏழு பேர் போகும் பி-7, பிறகு பன்னிரண்டு பேருக்கு பி-12. டாக்டர், தபால், ஆம்புலன்ஸ் எல்லாம் அதில்தான் போயின.

இதைச் சொல்லும்போது எனக்குக் கழக்கூட்டம் ஞாபகம் வந்தது. நான் வளர்ந்த ஊர். பனியே தெரியாது, மழைதான். ஆனால் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிற தும்பாவில் ராக்கெட் பாகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். 1966இல் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்பே, 1963 நவம்பர் 21 அன்று, முதல் ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றும்போது கிரேனின் ஹைட்ராலிக் கசிய, கலாம் உட்பட எல்லாரும் கையாலேயே தூக்கி வைத்தார்கள். 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றியதைப் பலர் வறுமை என்று நினைக்கிறார்கள். இல்லை. ஆண்டெனா சோதனைக்கு உலோக வண்டி இடைஞ்சல், அதனால்தான் மாட்டு வண்டி. வாகனம் என்பது இடத்தையும் வேலையையும் பொறுத்தது.

பொம்பார்டியேக்கும் அதே கதைதான். 1948இல் கியூபெக் அரசு கிராமச் சாலைகளிலும் பனி அள்ள ஆரம்பித்ததும் பி-12 விற்பனை படுத்துவிட்டது. மனுஷர் சளைக்கவில்லை. காட்டு வேலைக்கு டிராக்டர்கள் செய்தார். 1959இல் ஓரிருவர் ஏறிப் போகும் ஸ்கி-டூவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1964இல், 56 வயதில் காலமானார்.

பெரியவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அந்தப் பாப்பா பேர் என்னப்பா?"

இவோன் என்றேன். தன் பட்டியலில் விமான விசிறி வண்டிக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டான்.